கியூலிகாய்டிஸ்: உருவம் ஒன்று, இனங்கள் பல

செம்மறிகளைத் தாக்கும் நீலநாக்கு நோயைக் கியூலிகாய்டிஸ் பரப்புகிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது, மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்வதைப் போன்றது. சொன்னதில் பிழையில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு காரியமும் செய்ய முடியாது. கியூலிகாய்டிஸ் என்பது ஒரு பேரினம். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை மட்டுமே வளரக்கூடிய, சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள்ளும் புகுந்துவிடக்கூடிய, இரத்தம் குடிக்கும் சிறு ஈக்கள் அதில் அடங்கும். உலகெங்கும் 1,300க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. கால்நடை நோய்களைக் கடத்துபவை என்று உறுதிப்பட்டவை அவற்றில் ஒரு சிறு பங்கே. ஆனால் கடத்துகிற இனத்தோடு கூடவே, அதே பட்டியில், அதே இரவில், அதே விளக்குப்பொறியில், கண்ணுக்கு அதைப் போலவே தோன்றுகிற இன்னோர் இனமும் வந்து விழுகிறது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவைத்தால், அதற்குப் பின் செய்யப்படும் ஒவ்வொரு கணக்கும் யாரைப் பற்றியது என்பதே தெரியாமல் போகும். ஆகவே இனத்தைப் பிரித்தறிவதுதான் நோய்க்கடத்தி ஆய்வின் அடித்தளம் என்பதும், அதை உருவத்தை மட்டும் நம்பியோ மரபணுவை மட்டும் நம்பியோ செய்ய முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். ஒரே பூச்சியின் உடலையும் மரபணுவையும் சேர்த்துப் படித்து, அது எதில் வளர்கிறது, எதைக் கடிக்கிறது என்பதோடு பொருத்திப் பார்த்த பிறகே ஒரு பெயர் பயனுள்ள பெயராகிறது.

இப்பூச்சிகளுக்கும் நீலநாக்கு நோய்க்கும் உள்ள தொடர்பை 1944இல் தென்னாப்பிரிக்காவின் ஆன்டர்ஸ்டெபோர்ட்டில் ஆர். எம். டு டாயிட் நிறுவினார். தாம் பிடித்த பூச்சிக்கு அவர் பயன்படுத்திய பெயர் பாலிடிபென்னிஸ். 1913இலேயே ழான்-ழாக் கீஃபர் என்ற பாதிரியார், கென்யாவிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு இமிகோலா என்று விவரித்திருந்த இனமும் அதுவும் ஒன்றே என்பது பின்னாளில் தெரிந்தது. ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் இருப்பது எளிதில் தீர்க்கக்கூடிய குழப்பம். ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதுதான் கடினமானது. இமிகோலாவின் கதையில் அதுவும் நடந்தது. ருடால்ஃப் மைஸ்விங்கல் போன்றோர் ஆண்டுக்கணக்கில் செய்த ஆய்வில், ஆப்பிரிக்காவில் இமிகோலா என்று கருதப்பட்ட கூட்டத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஒரு முழு இனத்தொகுதியே இருப்பது வெளிப்பட்டது. இவற்றைப் பிரித்துக் காட்டியவற்றுள் மிகத் தெளிவான சான்று இறக்கையில் கிடைத்ததைவிடச் சாணத்தில் கிடைத்தது என்று சொல்லலாம். இமிகோலாவின் புழுக்கள் எரு கலந்த ஈரமண்ணில் வளர்கின்றன. 1989இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட போலிட்டினோஸ், மாடு, காட்டெருமை போன்றவற்றின் சாணத்திலேயே வளர்கிறது. லாக்ஸோடான்டிஸ் யானைச் சாணத்தைத் தேடிப் போகிறது. 2003இல் பெயர் பெற்ற டூட்டிஃப்ரூட்டி, தரையில் விழுந்து அழுகும் காட்டுப் பழங்களில் வளர்கிறது. நுண்ணோக்கியில் மயிரிழை வேறுபாடாகத் தெரிந்தவை, வாழ்க்கையில் இவ்வளவு விலகி நிற்கின்றன.

அந்த விலகலின் விலை என்ன என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1998இல் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில், க்ளாரன்ஸ் என்ற குளிர்ந்த மலைப்பகுதியில், குதிரைகளுக்கு ஆப்பிரிக்கக் குதிரை நோய் வந்தது. அந்நோயின் கடத்தி இமிகோலா என்பது அன்றைய பாடம். ஆனால் அந்த உயரத்தில் இமிகோலா மிக அரிது. பொறிகளில் விழுந்தவற்றில் போலிட்டினோஸே மிகுதி. நோய்க்கிருமியும் அதிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் இதே ஆய்வு நடந்திருந்தால், இரண்டு இனங்களும் ஒரே பெயரில் பதிவாகி, ‘இமிகோலா குளிர்மலைகளிலும் பரவிவிட்டது’ என்ற பொய்யான முடிவு அச்சேறியிருக்கக்கூடும். எரு கலந்த ஈரமண்ணை உலர்த்தினால் நோய் தணியும் என்று அங்குள்ள குதிரை வளர்ப்போருக்கு யாராவது அறிவுரை சொல்லியிருந்தால், மாட்டுச் சாணத்தில் வளரும் பூச்சி அதனால் ஒன்றுமே இழந்திருக்காது.

பிரித்தறிவது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மாலை முதல் விடியல் வரை தொழுவத்தருகே தொங்கும் புற ஊதா விளக்குப்பொறி, பூச்சிகளை மின்விசிறியால் கீழே இழுத்து ஒரு குடுவைக்குள் தள்ளுகிறது. நல்ல இரவில் ஆயிரக்கணக்கில் விழும், பெரும்பாலானவை பெண்பூச்சிகள். முதலில் இறக்கை. சாம்பல் படர்ந்த பரப்பில் வெளிறிய புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன, அவை முன்விளிம்பைத் தொடுகின்றனவா, நரம்பின் மேல் படிகின்றனவா என்று பார்த்தால் பல இனங்கள் அங்கேயே பிரிந்துவிடும். வயிறும் ஒரு செய்தி சொல்லும்: ஒருமுறையாவது இரத்தம் குடித்து முட்டையிட்ட பெண்ணின் வயிற்றுத்தோலில் கருஞ்சிவப்பு நிறமி படிந்திருக்கும் என்று 1969இல் ஏ. எல். டைஸ் காட்டினார். கிருமியைச் சுமந்திருக்கக்கூடியவை அந்த மூத்த பெண்பூச்சிகளே. உறவு மிக நெருங்கிய இனங்களுக்கு இது போதாது. இறக்கை, தலை, வயிறு எல்லாவற்றையும் தனித்தனியே பிரித்து, ஃபீனால் கலந்த கனடா பால்சத்தில் கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும். பிறகு உணர்கொம்பின் எந்தெந்தக் கணுக்களில் உணர்குழிகள் உள்ளன, வாயுறுப்பின் மூன்றாம் கணுவில் உள்ள பள்ளம் ஆழமா அகலமா, இரண்டு கண்களும் தொட்டுக்கொள்கின்றனவா விலகியிருக்கின்றனவா, வயிற்றுக்குள் இருக்கும் விந்தேற்புப் பைகளின் வடிவமும் அளவும் என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கைதேர்ந்த ஒருவருக்கும் ஒரு பூச்சிக்கு இது கணிசமான வேலை. பொறியில் விழுந்த ஆயிரத்துக்கும் இதைச் செய்வது யாராலும் இயலாது. இந்த எல்லையை ஒப்புக்கொள்ளாமல் உருவவியலைப் புகழ்ந்து பயனில்லை.

எல்லை எங்கே முட்டுகிறது என்பதை ஐரோப்பா கடுமையாகக் கற்றது. 1956இல் ஐபீரியத் தீபகற்பத்தில் நீலநாக்கு நோய் பரவியபோது முதல் நான்கு மாதங்களில் ஏறத்தாழ 1,79,000 செம்மறிகள் மடிந்தன. அதற்குப் பின்னும் ஐரோப்பியரின் மனத்தில் இது தெற்கின் நோய். இமிகோலா எவ்வளவு தூரம் வடக்கே போகுமோ அவ்வளவுதான் நோயும் போகும். 2006 ஆகஸ்டில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி எல்லைகள் கூடும் இடத்தில் எட்டாம் வகை வைரஸ் வெடித்துக் கிளம்பியபோது அந்தக் கணக்கு சரிந்தது. அங்கே இமிகோலா இல்லவே இல்லை. கடித்துப் பரப்பியவை உள்ளூர்ப் பூச்சிகள்: மைகன் 1818இல் விவரித்த ஆப்சொலீட்டஸ், 1952இல் பெயர் பெற்ற ஸ்காட்டிகஸ், டிவுல்ஃபி, கையாப்டெரஸ் ஆகியவை அடங்கிய கூட்டம். டிவுல்ஃபியிலும் கையாப்டெரஸிலும் வைரஸின் தடம் நெதர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்நால்வரில் பின்னிருவரை அனுபவமுள்ள கண் பிரித்துவிடும். ஆப்சொலீட்டஸும் ஸ்காட்டிகஸும் அப்படியல்ல. ஆண்களைப் பிறப்புறுப்பின் அமைப்பால் தெளிவாகப் பிரிக்கலாம். ஆனால் பொறியில் பெரும்பாலும் விழுவதும் கடிப்பதும் பெண்கள். பெண்களின் விந்தேற்புப் பை அளவுகளையும் பிறப்புறுப்புத் தகடுகளின் அகலத்தையும் அளந்து புள்ளியியல் கொண்டு பிரிக்கும் முயற்சிகள் பிரான்சில் நடந்தன. அளவுகளின் சராசரி வேறுபடும். ஆனால் இரண்டு இனங்களின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் எப்போதும் இருக்கும். கூட்டத்தைப் பற்றிச் சரியாகச் சொல்லும் முறை, கையிலுள்ள ஒற்றைப் பூச்சியைப் பற்றி உறுதி தருவதில்லை.

மரபணு வந்தது இந்த இடத்தில்தான். 2003இல் பால் ஹெபர்ட்டும் சகாக்களும், மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவின் ஒரு துண்டைப் படித்தே விலங்கினங்களை அடையாளம் காணலாம் என்று முன்மொழிந்தனர். அடுத்த சில ஆண்டுகளுக்குள் கியூலிகாய்டிஸ் ஆய்வாளர்கள் அதை எடுத்துக்கொண்டனர். ஒரே பிசிஆர் சோதனையில் ஆப்சொலீட்டஸ், ஸ்காட்டிகஸ் முதலியவற்றைப் பிரிக்கும் வழி 2007இல் கிடைத்தது. உண்மையான முன்னேற்றம் அது. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. பூச்சியின் காலில் ஒரு துண்டு போதும். புழுவையும் கூட்டுப்புழுவையும் கூட அடையாளம் காணலாம். உருவவியல் அங்கே பெரும்பாலும் கைவிரித்துவிடும். இதைப் பார்த்தவர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது: இனி நுண்ணோக்கியும் பால்சமும் கீஃபரின் பழைய ஏடுகளும் எதற்கு? வரிசையைப் படித்தால் பெயர் வந்துவிடுகிறதே?

இந்தக் கேள்விக்கு வலுவான விடை வட அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே நீலநாக்கு வைரஸின் முதன்மைக் கடத்தி சொனோரென்சிஸ். 1957இல் விர்த்தும் ஜோன்ஸும் அதை வேரியிபென்னிஸ் என்ற இனத்தின் ஐந்து துணையினங்களுள் ஒன்றாகவே வகுத்தார்கள். அந்த வகைப்பாடு வணிகத்தையே தொட்டது. அமெரிக்காவின் தெற்கிலும் மேற்கிலும் நோய் உண்டு. வடகிழக்கில் ஏறக்குறைய இல்லை. ஆனால் எல்லாம் ஒரே வேரியிபென்னிஸ் என்று எழுதப்பட்டிருக்கும்வரை, மாடு வாங்கும் வெளிநாடு முழு அமெரிக்காவையும் சந்தேகப்பட்டது. வடகிழக்கில் இருப்பது அந்த ஐந்தில் வேரியிபென்னிஸ் என்ற துணையினம் மட்டுமே, அது கடத்தும் திறன் குறைந்தது என்று 1992இல் டபச்னிக்கும் ஹோல்ப்ரூக்கும் வாதிட்டனர். 2000ஆம் ஆண்டில் ஹோல்ப்ரூக்கும் சகாக்களும், மூன்று வடிவங்கள் ஒரே இடத்தில் கலந்து வாழ்ந்தும் தம்முள் கலக்காமல் தனித்து நிற்பதைக் காட்டி, வேரியிபென்னிஸ், சொனோரென்சிஸ், ஆக்ஸிடென்டாலிஸ் என மூன்று முழு இனங்களாக உயர்த்தினர். துணையினமா இனமா என்பது வகைப்பாட்டாளரின் தனி ஆசை என்று நினைப்பவர்கள் இந்த மாட்டு வணிகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதே கூட்டத்தில் மரபணுவின் வரம்பும் தெரிந்தது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 17 இடங்களிலிருந்து 206 பூச்சிகளை எடுத்து, மரபணுத் தொகுதி முழுவதும் பரவிய ஒற்றை எழுத்து மாற்றங்களை ஒப்பிட்டது. மூன்று என்று நினைத்த இடத்தில் ஐந்து இனங்கள் இருப்பதாக விடை வந்தது. அவற்றுள் சில சோடிகளுக்கிடையே கலப்பினங்களும் கிடைத்தன. எல்லாவற்றிலும் முக்கியமானது இன்னொன்று: மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ சொன்ன பிரிவும், உட்கருவின் மரபணுக்கள் சொன்ன பிரிவும் ஒத்துப்போகவில்லை. காரணம் புரியாததன்று. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருகிறது. என்றோ ஒருகாலம் நடந்த ஒரு கலப்பில் ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா மற்றதற்குள் புகுந்து நிலைத்துவிட்டால், அதற்குப் பின் வரும் சந்ததிகள் உடலாலும் வாழ்க்கையாலும் ஓர் இனமாகவும், சிஓஐயால் வேறோர் இனமாகவும் தோன்றும். அண்மையில் பிரிந்த இனங்களில் இன்னொரு சிக்கல்: பழைய பொதுமூதாதையின் வேறுபாடுகள் இரண்டிலும் இன்னும் கலந்தே கிடக்கும். ஆக, யாரைப் பிரிப்பது மிகக் கடினமோ அவர்களிடமே ஒற்றை மரபணு மிகவும் தடுமாறுகிறது. ‘வரிசையைப் படித்தால் பெயர் வந்துவிடும்’ என்பது தூரத்து உறவினருக்குச் சரி. அண்ணன் தம்பிக்குச் சரிவராது.

வேறொரு சிக்கல் இதைவிட எளிமையானது, ஆகவே எளிதில் மறக்கப்படுவது. மரபணு வரிசைக்குத் தானாகப் பெயர் கிடையாது. யாரோ ஒருவர் ஒரு பூச்சியைப் பார்த்து, இது இன்னது என்று தீர்மானித்து, அதன் வரிசையைப் பொதுக் களஞ்சியத்தில் பதிவிடுகிறார். அவர் தீர்மானம் தவறானால், அடுத்து வருபவர்கள் அனைவரும் அந்தத் தவறோடு ஒப்பிட்டு, நூறு விழுக்காடு பொருந்துகிறது என்று மகிழ்கிறார்கள். தவறு இப்போது இருமடங்கு உறுதியாகத் தோன்றும். ஷுல்ட்சீ கூட்டத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1908இல் எண்டர்லைன் ஆப்பிரிக்காவிலிருந்து ஷுல்ட்சீயை விவரித்தார். 1910இல் கீஃபர் கல்கத்தாவிலிருந்து ஆக்ஸிஸ்டோமாவை விவரித்தார். கீஃபர் ஏராளமான பூச்சிகளுக்குப் பெயரிட்டவர். ஆனால் அவர் விவரிப்புகள் பல மிகச் சுருக்கமானவை, இன்று பயன்படுத்தும் அடையாளங்களில் பாதியைக்கூடச் சொல்லாதவை. விளைவாக, நெடுங்காலம் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் புள்ளிகள் தெளிவாக உள்ள இறக்கையோடு எது கிடைத்தாலும் ஷுல்ட்சீ என்றே எழுதப்பட்டது. 1994இல் கோர்னேயும் ப்ருயூனும் ஆப்பிரிக்கப் பூச்சிகளை மறுபடி ஆராய்ந்து எண்டர்லைனி, நெவில்லி, சப்ஷுல்ட்சீ என்று புதியவற்றைப் பிரித்தார்கள். 2012இல் இஸ்ரேலிலும் 2013இல் செனகலிலும் மரபணுவும் உருவமும் சேர்ந்து, ஆசியாவுக்குரியது என்று எண்ணப்பட்ட ஆக்ஸிஸ்டோமா அங்கும் இருப்பதைக் காட்டின. இந்தியாவிலிருந்து வெளிவந்த பழைய கட்டுரைகளில் ஷுல்ட்சீ என்று வருவதில் பெரும்பகுதி ஆக்ஸிஸ்டோமாவாகவே இருக்கும் என்று கருதக் காரணம் உண்டு. அந்தக் கட்டுரைகளில் உள்ள கடத்தித் திறன், பருவகாலம், இனப்பெருக்க இடம் பற்றிய தகவல்களை நாம் இன்று எப்படிப் படிப்பது? மாதிரிப் பூச்சி எங்காவது தகட்டில் இருந்தால் மறுபடி பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த உழைப்பு முழுவதும் யாருடையது என்று தெரியாத வாழ்க்கை வரலாறாக நின்றுவிடும்.

இது மிகை என்று தோன்றினால், கொசுவின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது உதவும். மருத்துவப் பூச்சியியல் இந்தப் பாடத்தை அங்கே முன்பே கற்றுவிட்டது. இந்தியாவின் கிராமப்புற மலேரியாவுக்கு முதன்மைக் கடத்தியான அனாஃபிலிஸ் கூலிசிஃபேசிஸ், ஏ முதல் இ வரை ஐந்து உடன்பிறப்பு இனங்களைக் கொண்டது. அவற்றுள் பி மிகத் திறன் குறைந்த கடத்தி. பெரும்பாலும் மாட்டைக் கடிப்பது. பியோடு குரோமோசோம் பட்டைகளில் ஒத்துப்போகும் இ என்ற இனம் இராமேசுவரம் தீவிலிருந்து அடையாளம் காணப்பட்டது; ஆண்களின் ஒய் குரோமோசோம் வடிவமே முதலில் அதைக் காட்டிக்கொடுத்தது. இ மனிதரைக் கடித்து மலேரியாவைத் திறமையாகக் கடத்துவது. இலங்கையில் பி மட்டுமே இருப்பதாக நினைத்திருந்த காலத்தில், இந்தியாவில் கடத்தாத கொசு அங்கே மட்டும் எப்படி மலேரியாவைப் பரப்புகிறது என்பது விடுபடாத புதிராக இருந்தது. இ அங்கும் உண்டு என்று 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டதும் அந்தப் புதிர் பெரும்பாலும் தீர்ந்தது. பாக் நீரிணையின் இருகரையிலும் முரண்பட்டதாகத் தோன்றிய ஆய்வு முடிவுகளில், முரண்பாடு உயிரியலில் இருக்கவில்லை, பெயரில் இருந்தது.

இனி, எனக்கு மிக வலுவானதாகத் தோன்றும் எதிர்வாதத்துக்கு வருகிறேன். செம்மறி வளர்ப்பவருக்குத் தேவை தடுப்பூசி. நீலநாக்கு நோய் இந்தியாவில் 1964இல் மகாராட்டிரத்தில் பதிவானதிலிருந்து தென்னிந்தியாவின் பெரும் துயரங்களுள் ஒன்று. 1997–98இல் தமிழ்நாட்டில் நிகழ்ந்த பரவல் மிகக் கொடியது. காய்ச்சல், முகவீக்கம், வாய்ப்புண், வீங்கிய நாக்கு, நொண்டல் என்று வந்து, நாட்டுச் செம்மறிகளையே கொன்று, கிடை போட்டுப் பிழைப்பவர்களின் ஆண்டு வருமானத்தை ஒரு பருவத்தில் அழித்துவிடுகிறது. 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகை வைரஸ்களுக்கு எதிரான செயலிழக்கச் செய்த தடுப்பூசி இங்கே கிடைக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உழைப்பு அதில் உண்டு. வடக்கு ஐரோப்பாவும் 2008 முதல் தடுப்பூசியால்தான் எட்டாம் வகையை அடக்கியது. எந்த இனம் எவ்வளவு பரப்பியது என்று முழுதாகத் தெரியும்வரை காத்திருக்கவில்லை. கண்காணிப்புக்கும் ‘ஆப்சொலீட்டஸ் கூட்டம்’ என்ற மொத்தப் பெயரே போதுமாக இருந்தது. பூச்சிக் கட்டுப்பாடும் பெரிதாகப் பலன் தந்ததில்லை: பிரிட்டனில் எருக்குவியல்களை மூடிவைத்துப் பார்த்த ஆய்வில், பொறியில் விழும் பூச்சிகளின் எண்ணிக்கை குறையவில்லை. அப்படியிருக்க, இனம் பிரிப்பதில் பணமும் காலமும் செலவிடுவது நியாயமா?

தடுப்பூசியின் முதன்மையை நான் மறுக்கவில்லை. நோய் பரவிக்கொண்டிருக்கும் வாரத்தில் வகைப்பாட்டாளரைத் தேடுவது வீண். ஆனால் இந்தியாவில் சுழலும் நீலநாக்கு வைரஸ் வகைகள் இருபதுக்கும் மேற்பட்டவை. ஐந்தைத் தடுக்கும் ஊசி மற்றவற்றைத் தடுக்கும் என்ற உறுதியில்லை. எந்தப் பகுதியில் எந்த வகை, எந்தப் பருவத்தில், எந்தப் பூச்சியால் நிலைத்திருக்கிறது என்பதுதான் தடுப்பூசியை எங்கே, எப்போது போடுவது என்று தீர்மானிக்கும். மாடும் எருமையும் நோயைக் காட்டாமல் வைரஸை இரத்தத்தில் சுமக்கின்றன. ஆகவே மாட்டையும் செம்மறியையும் மாறிமாறிக் கடிக்கும் இனமும், மாட்டை மட்டும் விரும்பும் இனமும் ஒரே ஆபத்தல்ல. எருக்குவியல் ஆய்வின் தோல்வியையும் நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். ஆப்சொலீட்டஸ் எருவில் மட்டுமன்றி இலைச்சருகிலும் வளரும். டிவுல்ஃபியும் கையாப்டெரஸும் மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் சாணத்தில் வளரும். எருக்குவியலை மூடுவது இவற்றுள் ஒன்றின் வீட்டில் ஓர் அறையை மட்டும் பூட்டுவதற்குச் சமம். யாரை நோக்கிச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்த கட்டுப்பாடு தோற்றதை, கட்டுப்பாடே பயனற்றது என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. தென்னிந்தியாவில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. பிரெவிடார்சிஸ் மாட்டுச் சாணத்தில் வளர்கிறது. ஆக்ஸிஸ்டோமா நெல்வயலின் சேற்றிலும் நீர்நிலைகளின் ஈரக்கரையிலும் வளரக்கூடியது. இமிகோலா எரு ஊறிய மண்ணில். முதலாவதற்கு மாட்டுக்குச் செய்யும் மருத்துவம் ஒரு வழியாகலாம். இரண்டாவதற்கு அது வீண்.

கூட்டுப்பெயர் போதும் என்ற வாதம் ஒரு பெரிய தவறான கதையையும் வளர்த்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1998க்குப் பின் மத்தியதரைக்கடல் நாடுகளில் நீலநாக்கு நோய் மறுபடி மறுபடி வந்தபோது, வெப்பமயமாதலால் இமிகோலா அண்மையில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே பரவியது என்ற விளக்கம் எங்கும் ஏற்கப்பட்டது. இத்தாலியில் அந்த இனம் முதலில் பதிவானது 2000ஆம் ஆண்டில் என்பது சான்றாகக் காட்டப்பட்டது. 2015இல் வெளிவந்த மக்கள்தொகை மரபியல் ஆய்வு, மத்தியதரைக்கடல் பகுதியில் இமிகோலா மிகப் பழைய குடி என்று காட்டியது. முன்பு அது பதிவாகாததற்கு முக்கியக் காரணம், அதைத் தேடி, சரியாகப் பெயரிட்டு வைக்க ஆளில்லாமல் போனதுதான் என்று நினைக்கிறேன். வெப்பம் இந்நோயைத் தூண்டுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. வைரஸ் பூச்சிக்குள் பெருகும் வேகம் வெப்பத்தால் கூடும். ஆனால் பூச்சி எப்போது எங்கே வந்தது என்பது வேறு கேள்வி. முதற்பதிவை முதல்வருகையாகக் கொண்டால், வரைபடத்தில் நாம் காண்பது பூச்சியின் பயணத்தையா, ஆய்வாளரின் பயணத்தையா என்றே தெரியாது.

எல்லைகளே மனிதர் போட்டவை, கலப்பினம் கிடைக்கிறதென்றால் இனம் என்பதே கற்பனைதானே என்றும் சிலர் கேட்பதுண்டு. வட அமெரிக்க ஆய்வே அதற்குப் பதில்: கலப்பு நடந்தும், ஒரே இடத்தில் வாழ்ந்தும், ஐந்தும் தெளிவாகப் பிரிந்தே நின்றன. வேலியில் இடைவெளி இருப்பதால் வேலி இல்லையென்று ஆகிவிடாது.

தமிழ்நாட்டுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் இதில் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. தென்னிந்தியாவில் கால்நடைப் பண்ணைகளில் பிடித்த கியூலிகாய்டிஸ்களின் சிஓஐ வரிசைகளை உருவவியலோடு இணைத்து 2016இல் ஒரு பன்னாட்டு, இந்தியக் குழு வெளியிட்டது. பூச்சியை நசுக்காமல், கரைசலில் ஊறவைத்து மரபணுவை மட்டும் வெளியே எடுத்து, எஞ்சிய உடலைத் தகட்டில் பதித்து வைக்கும் முறை இன்று பழகிப்போன ஒன்று. வரிசையும் உடலும் ஒரே எண்ணில், ஒரே அலமாரியில் இருக்கும். சந்தேகப்படுபவர் தகட்டை எடுத்துப் பார்க்கலாம். இந்த முறையில், ஆக்ஸிஸ்டோமா, பெரெக்ரினஸ், இமிகோலா, பிரெவிடார்சிஸ் முதலியவற்றுக்கு மாவட்டந்தோறும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளோடு, சேற்றிலிருந்தும் சாணத்திலிருந்தும் வளர்த்தெடுத்த ஆண்பூச்சிகளையும் சேர்க்க வேண்டும். ஆண் இல்லாமல் உருவவியல் பாதி குருடு. பொறி ஆணை அரிதாகவே தருகிறது. சாணத்தையும் சேற்றையும் வாளியில் கொண்டுவந்து வலைக்குள் வைத்துக் காத்திருந்தால்தான் போதிய ஆண்கள் கிடைக்கும். ஆக்ஸிஸ்டோமாவுக்குக் கல்கத்தாப் பகுதியிலிருந்தே புதிய மாதிரிகள் எடுத்து, கீஃபர் பெயரிட்ட இனம் எது என்பதை அந்த மண்ணின் பூச்சியோடு நிலைநாட்ட வேண்டும். அது முடியும்வரை இங்கே நாம் ஆக்ஸிஸ்டோமா என்பதும், இஸ்ரேலில் அவர்கள் ஆக்ஸிஸ்டோமா என்பதும் ஒன்றேதானா என்று உறுதிசெய்ய முடியாது. சிஓஐயோடு உட்கரு மரபணுக்கள் ஒன்றிரண்டையாவது சேர்த்துப் படிப்பதும் தேவை. வைரஸ் தேடி ஐம்பது ஐம்பதாகப் பூச்சிகளைச் சேர்த்து அரைக்கும் முன், அந்தக் கூட்டத்திலிருந்து சில பூச்சிகளை எடுத்துத் தனியே அடையாளம் காண்பதற்குப் பெரிய செலவு ஆகாது. பல்கலைக்கழகத் துறைகளின் அலமாரிகளில் ஷுல்ட்சீ என்று சீட்டு ஒட்டிய பழைய தகடுகள் எங்கேனும் எஞ்சியிருந்தால், முதலில் கையிலெடுக்க வேண்டியவை அவைதான்.